இடது கையில் தோற்ற டியூப்

எங்கள் கம்பெனியில் தூசி நுழையக் கூடாத கிளீன் ரூமுக்கு இரண்டு கதவு. ஒன்று மூடினால்தான் இன்னொன்று திறக்கும். இரண்டுக்கும் நடுவில், கையை விரித்தால் இரு பக்கச் சுவரிலும் இடிக்கும் அளவுக்கு ஒரு பொந்து. அதில் நின்று தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், உடம்புக்கு வெள்ளை அங்கி, காலுக்கு உறை, கடைசியாக இரண்டு ஜோடி கையுறை மாட்ட வேண்டும். பவுடர் கூடாது, வளையல் கூடாது, பூ கூடவே கூடாது. மூத்திரம் வந்தால் அத்தனையையும் கழற்றி, திரும்பி வந்து அத்தனையையும் மாட்ட வேண்டும் என்பதால் காலை டீயையே விட்டவள் நான். ஜன்னல் கிடையாது. விம்கோ நகரில் அன்று மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பதை, சாயங்காலம் வெளியே வந்து ரோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு தடவையில் சொல்லிப் புரியவைக்க முடியாது. டோல்கேட்டில் காய்கறி விற்கும் என் நாத்தனார், நான் பிளம்பர் வேலை பார்க்கிறேன் என்று இன்றைக்கும் நம்புகிறாள். ஒரு வகையில் அவள் சொல்வது தப்பில்லை. மூளையில் ரத்தக் குழாய் எங்கே அடைத்திருக்கிறது, எங்கே புடைத்திருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்க உடம்புக்குள் ஒரு மெல்லிய டியூபை விடுவார்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசி குத்தி அதன் வழியாக உள்ளே செலுத்தி, நெஞ்சுக்குள் வளைந்து கிடக்கும் பெரிய குழாய்க்குக் கொண்டுபோய், அங்கிருந்து கழுத்தில் ஏறும் குழாய்களில் ஒவ்வொன்றாக நுழைத்து மருந்து விடுவார்கள். மருந்து ஓடும் வழி எக்ஸ்ரே திரையில் கறுப்பாகத் தெரியும். அந்த டியூபைத்தான் எங்கள் கம்பெனி செய்கிறது. சேமியாவை விடக் கொஞ்சம் தடிமன், என் தோள் உயரத்துக்கு நீளம், நுனியில் ஒரு வளைவு. அந்த வளைவில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. வளைவு சரியில்லை என்றால் டியூப் தலைக்குப் போகாது. வயிற்றுப் பக்கம் இறங்கிவிடும், இல்லையென்றால் தனக்குத்தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

முதல் மூன்று வருஷம் நான் பேக்கிங் டேபிளில் இருந்தேன். பிறகு மாடல் டேபிளுக்கு மாற்றினார்கள். மாடல் என்றால் சிலிக்கானில் வார்த்த ஓர் ஆள். சதை, எலும்பு ஒன்றும் கிடையாது; கை, நெஞ்சு, கழுத்து, தலை என்று ரத்தக் குழாய் மட்டும்தான். உள்ளே உடம்புச் சூட்டில் சோப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மேலே கறுப்புத் துணி போட்டு மூடிவிடுவார்கள். துணிக்கு அடியில் கேமரா. டாக்டர் எக்ஸ்ரே திரையைப் பார்ப்பதுபோல நான் டிவியைப் பார்த்துக்கொண்டு, மணிக்கட்டு ஓட்டையில் டியூபை விட்டுத் தள்ள வேண்டும். புதிதாக ஒரு வளைவு வந்தால் பத்து தடவை. இடது கழுத்துக் குழாய்க்குள் ஒரு நிமிஷத்துக்குள் நுழைந்தால் பாஸ். பத்துக்கு எத்தனை என்று தாளில் எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். டிப்ளமோகூடப் படிக்காத என் கையெழுத்துக்குக் கீழேதான் எம்.டெக். படித்த டிசைன் சாரின் கையெழுத்து வரும். இதைச் சொல்லி நான் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

இந்த டியூப் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டினவர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது, ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தபடியே மண்டை பிளக்கிற வலி வந்து சாய்ந்துவிட்டார். முன்னால் வண்டி, பின்னால் வண்டி, இறக்கி எடுத்துவர முக்கால் மணி நேரம் ஆனது. மூளையில் ஒரு குழாய் புடைத்துக் கசிந்திருந்தது. தொடை வழியாக டியூப் விட்டுப் படம் எடுத்தார்கள், அதே வழியாக ஒரு மெல்லிய ஸ்பிரிங்கை வைத்துப் புடைப்பை அடைத்தார்கள். ஆள் பிழைத்தார். பேச்சும் நடையும் முழுசாகத் திரும்பின. டிரெய்லர் மட்டும் போனது. இப்போது கன்டெய்னர் யார்டு கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிறார்.

ஆனால் அவர் மனசில் நின்றது மூளையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. அதற்குப் பிறகு கால் நீட்டியபடி ஆறு மணி நேரம் அசையாமல் கிடக்கச் சொன்னார்களே, அதுதான். சாப்பாட்டுத் தட்டு முன்னாலேயே ஐந்து நிமிஷம் ஒழுங்காக உட்காராத மனுஷன். நாலாவது மணியில் கால் துள்ளி மடங்கிவிட்டது. குத்தின இடம் திறந்து உள்ளுக்குள் ரத்தம் இறங்கியது. இரண்டு ஆண் நர்சுகள் மாறி மாறி அரை மணி நேரம் தொடையில் ஏறி அழுத்தினார்கள். அவர் கத்திய கத்தல் மாடிப்படி வரைக்கும் கேட்டது. முட்டி வரைக்கும் கறுத்துப்போன கால் வெளுக்க ஒன்றரை மாசம் ஆனது.

ஒரு வருஷம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பல்லவிதான். எங்கே வேலை என்று டாக்டர் கேட்டதற்கு நான் எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் கை வழியாக விடும் டியூப் வைத்திருக்கவில்லை. எங்கள் கம்பெனியில் புதிதாக ஒன்று தயாராவது அவருக்கும் தெரிந்திருந்தது. அது வந்துவிட்டால் அடுத்த முறை மணிக்கட்டு வழியாகவே பார்த்துவிடலாம், ஒரு பட்டை கட்டி எழுப்பி உட்கார வைத்துவிடுவோம் என்றார். என் வீட்டுக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்.

"இன்னாமே, ஒன் டியூப்பு வந்துச்சா?"

"வரும்யா. இன்னா, இட்லியா அது, மூடியத் தொறந்தா வெந்துக் கீதான்னு பாக்கறதுக்கு?"

"இந்தத் தபா காலு வழியா வுட்டாங்கன்னா நான் வரல. இப்பவே சொல்லிட்டேன்."

வராமல் இருந்துவிடுவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். படம் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதனால் அந்தப் புது டியூப் சீக்கிரம் வர வேண்டும் என்று என் கம்பெனியில் என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

புது டியூபின் விசேஷம் இதுதான். கழுத்தில் ஏறும் நாலு குழாய்க்கும் ஒரே டியூப் போதும், நடுவில் வெளியே எடுத்து வேறொன்று மாற்ற வேண்டாம். நுனி ரொம்ப மிருது. வளைவு இரட்டை மடிப்பாக இருக்கும். மணிக்கட்டு வழியாக வந்து நெஞ்சுக்குள் இறங்கியதும் தானே திரும்பி மேலே பார்க்க வேண்டும். டிசைன் சார் பதினாலு வளைவு போட்டார். ஒவ்வொன்றையும் எஃகுக் கம்பியில் மாட்டி, சூடு காட்டி, ஆறவைத்து நான்தான் வளைத்துக் கொடுத்தேன். பதினாலையும் நான்தான் தள்ளிப் பார்த்தேன். பன்னிரண்டாவது பத்துக்குப் பத்து. அதையே தேர்ந்தெடுத்தார்கள்.

நடுவில் ஒரு நாள் வீட்டுக்காரரைப் பார்த்த அந்த டாக்டரே வந்து மாடலில் தள்ளிப் பார்த்தார். நாலு தடவையில் மூன்று தடவை டியூப் கீழே இறங்கிவிட்டது, ஒரு தடவை மடிந்தது. சாருக்கு முகம் தொங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டார். நான் போய் ஒரே தள்ளில் நுழைத்தேன். மறுபடி செய்யச் சொன்னார்கள், மறுபடி நுழைந்தது. டாக்டரே சிரித்துவிட்டார், ஆஸ்பத்திரிக்கு வந்து விடுகிறீர்களா என்று கேட்டார். பழகினால் எல்லாருக்கும் வந்துவிடும் என்று சார் விளக்கம் சொன்னார். அன்று மாலை எல்லாருக்கும் மைசூர் பாகு. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அந்த நாலு தடவையில் டாக்டர் எனக்குச் சொல்லிவிட்டுப் போன சேதி, மைசூர் பாகோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்விட்டது.

கடைசிப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால், டோல்கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். கன்டெய்னர் லாரி ஒன்று முன்னறிவிப்பில்லாமல் குறுக்கே திரும்ப, ஆட்டோக்காரர் போட்ட பிரேக்கில் என் வலது மணிக்கட்டு முன் கம்பிக்கும் பக்கத்தில் இருந்த ஆளின் முழங்காலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறியவில்லை, பிசகல். பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். லீவு போட்டால் விற்பனை அனுமதிக்கு அனுப்பும் காகிதக் கட்டு ஒரு வாரம் தள்ளிப்போகும், வீட்டுக்காரரின் தேதி நெருங்கிவிட்டது என்ற பதைப்பு. இடது கையால் தள்ளினால் ஆகாதா என்று நானாகவே நினைத்துக்கொண்டு டேபிளில் உட்கார்ந்தேன்.

முதல் தடவை டியூப் கீழே இறங்கியது. இரண்டாவது தடவை இறங்கியது. மூன்றாவதில் மடிந்தது. பத்து முடிந்தபோது இரண்டுதான் நுழைந்திருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக இருக்கக் கூடாதே என்று, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வெளிநாட்டு டியூப் ஒன்றை எடுத்தேன். அது விறைப்பானது, நாலு குழாய்க்கும் போகாது, ஆனால் இடது கழுத்துக்குள் போகும். அதே இடது கை. பத்துக்கு எட்டு நுழைந்தது.

நான் கையுறைக்குள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கோணல் என் இடது கையில் இல்லை. அந்தக் கை, பாவம், உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. இத்தனை நாளாகப் பொய் சொன்னது வலது கை.

சார் வந்து காலியாக இருந்த தாளைப் பார்த்தார். கை வலிக்கிறது சார் என்றேன். அது உண்மைதான். பொறுமையாக ஆறுதல் சொன்னார். "கை சரியானப்புறம் போடுங்க அக்கா. உங்க கைக்குத்தான் ஷீட்டே காத்துட்டு இருக்கு."

கை ஆற ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் காலையில் அந்தப் பொந்துக்குள் நுழைந்து பின்கதவு மூடும்போது, முன்கதவு திறக்காமலே போய்விட்டால் தேவலை என்று இருக்கும். சொன்னால் டியூப் நின்றுவிடும். புது வளைவு, புது அச்சு, எத்தனை மாசமோ. வீட்டுக்காரர் மறுபடி அதே கட்டிலில், அதே ஆறு மணி நேரம். இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கே வராமல் மண்டைக்குள் ஸ்பிரிங்கோடு என்ன நடக்கிறது என்று தெரியாமலே திரிவார். சொல்லாவிட்டால் அந்த டியூப் வரும். என் கை இல்லாத ஒருவர் அதைப் பிடித்து, என் வீட்டுக்காரரின் கைக்குள் விடுவார். மாடலில் மடிந்தால் உருவி எடுத்துத் துடைத்து வைத்துவிடுவோம். மனுஷனின் கைக்குள் முடிச்சு விழுந்தால் எப்படி உருவுவது? இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. எறும்பாவது ஓடிக்கொண்டிருக்கும். நான் இரண்டு ஜோடி கையுறை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டிலும் இடம் இல்லை. ஒரே அறை, அதற்கு ஒட்டின சமையல் மூலை. அவர் தேதி குறித்த சீட்டைக் காலண்டரில் குத்தி வைத்திருந்தார். எட்டாம் நாள் சாப்பிடும்போது, பட்டை கட்டின என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், தானே சோற்றைப் பிசைந்து என் தட்டில் வைத்தார். இதுவரை செய்யாத காரியம்.

"கைய பத்ரமா வச்சிக்கோமே. அந்தக் கையிலதான் நம்ம பொழப்பே கீது."

 அழுகையை அடக்கிக்கொண்டு, காரம் அதிகம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

ஒன்பதாம் நாள் பட்டையை அவிழ்த்துவிட்டு வலது கையால் தள்ளினேன். டிவியைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துத் தள்ளினேன். அப்போதுதான் கண்டுபிடித்தேன். டியூப் நெஞ்சுக்குள் இறங்கி லேசாகத் தொய்யும் இடத்தில், என் கட்டைவிரல் டியூபை ஒரு நூல் பின்னுக்கு இழுத்து, அரைச் சுற்று முறுக்கி, அதன் பிறகுதான் தள்ளுகிறது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நான் யோசித்துச் செய்யவும் இல்லை. நாலு வருஷம் ஒரே மாடல், அதே நெஞ்சுக் குழாய், அதே தொய்வு. கையே கற்றுக்கொண்டு கையே செய்து வந்திருக்கிறது. வேண்டுமென்றே அந்த இழுப்பை நிறுத்திவிட்டுத் தள்ளினேன். டியூப் கீழே இறங்கியது. கெட்ட வளைவை எல்லாம் நல்ல வளைவாக்கிக் காட்டியிருக்கிறேன். பதினாலு வளைவில் உண்மையிலேயே நல்லது ஒன்று இருந்து, அதை நான் கவனிக்காமல் தள்ளியிருக்கவும் கூடும்.

பத்தையும் போட்டேன். பத்துக்குப் பத்து. தாளில் எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை, என் கை போட்டது அது. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

எங்கள் கிளீன் ரூமைத் துடைக்கும் அக்கா வியாசர்பாடியிலிருந்து வருகிறவர். மாடல் டேபிளைச் சுற்றி வருஷக்கணக்கில் துடைத்திருக்கிறார், ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தொடக் கூடாது என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும், அவரைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்காரவைத்தேன். வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறாயா என்று முதலில் மறுத்தார். கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டிவியில் தெரியும் கழுத்தைக் காட்டி, அதற்குள் விட வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டு மூன்று தடவை தள்ளிப் பார்த்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா கண்ணு இது, நான் மேல போன்னா கீழ போவுது. பேஜாரா கீது. நீ எப்டி இத்த மேய்ச்சிக்கினு கீற?"

மேய்ச்சிக்கினு கீற. அந்த ஒரு வார்த்தையில் என் நாலு வருஷ வேலை முழுவதும் அடங்கிவிட்டது. அக்கா பத்தையும் முடித்தார். ஒன்று மட்டும் நுழைந்தது. கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது. என் தாளுக்குக் கீழே இன்னொரு தாள் வைத்து, பத்துக்கு ஒன்று என்று எழுதி, என் இடது கை போட்ட இரண்டையும் எழுதி, இரண்டு தாளையும் சேர்த்துப் பின் அடித்து சார் மேஜையில் வைத்தேன்.

சார் ஒரு மணி நேரத்தில் வந்தார். நல்ல பையன், கத்த மாட்டார், காது மட்டும் சிவக்கும்.

"யார் போட்டது இது?"

"சுத்தம் பண்ற அக்கா, சார்."

"நீங்க போட்டா பத்து வருதே அக்கா. அப்புறம் என்ன?"

"நான் போட்டாதான் சார் வருது."

அவர் அந்தத் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். துடைப்பம் பிடிக்கிறவர்களை மாடலில் உட்காரவைப்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது. டாக்டர் கைக்கும் வரவில்லையே சார், அவரும் துடைப்பம் பிடிக்கிறவரா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் இரண்டு கதவையும் கடந்து வெளியே போகும்வரை நான் எழுந்திருக்கவே இல்லை.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் காலை செக்யூரிட்டி, கணக்கு எழுதும் பெண், கம்பெனி வேன் டிரைவர் மூன்று பேரையும் அங்கி மாட்டி அழைத்துவந்து வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவருக்கும் பத்து தடவை. வேன் டிரைவர் மடக்கி முடிச்சே போட்டுவிட்டார். பன்னிரண்டாவது வளைவைத் தூக்கிப் போட்டார்கள். பதினாலையும் புதுக் கைகளை வைத்து முதலிலிருந்து பார்ப்பது என்று முடிவானது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை. சாரே என் பக்கத்தில் வந்து, நல்ல காரியம் செய்தீர்கள் என்றார். அடுத்த வார்த்தைதான் நான் எதிர்பார்க்காதது.

"இனிமே நீங்க மாடலைத் தொடக் கூடாது அக்கா. நீங்க தொட்டா எது நல்ல வளைவு, எது கெட்டதுன்னு யாருக்குமே தெரியாது."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது. கை கெட்டுப்போய் வேலையை விட்டு விலக்கினால் அழலாம். கை நன்றாக இருப்பதற்காக விலக்கினால் என்ன செய்வது? மறுபடி பேக்கிங் டேபிளில் உட்கார்ந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், என் நாற்காலியில் வாரத்துக்கு ஒரு புது ஆள் உட்கார்ந்து டியூபை மடக்கிக்கொண்டிருப்பார். தொய்யும் இடம் வரும்போது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பையை ஒட்டிக்கொண்டிருக்கும் என் கட்டைவிரல் தானாக ஒரு நூல் பின்னுக்கு இழுக்கும். நான் கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்வேன்.

காலண்டரில் குத்தியிருந்த தேதி வந்தது. புது டியூப் வரவில்லை. வீட்டுக்காரரிடம் நான் காரணம் சொல்லவில்லை. அனுமதி தாமதமாகிறது என்று மட்டும் சொன்னேன். வரமாட்டேன் என்று முதல் நாள் வரைக்கும் சொன்னவரை, என் கழுத்தில் கிடப்பதன் மேல் ஆணையிட்டுக் கூட்டிப்போனேன். தொடை வழியாகவே படம் எடுத்தார்கள். ஸ்பிரிங் இருந்த இடத்திலேயே இருந்தது, புதுப் புடைப்பு இல்லை. நல்ல சேதி. காலை பத்து மணிக்கு வார்டில் கொண்டுவந்து போட்டு, சாயங்காலம் நாலு வரைக்கும் வலது காலை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று இரண்டு தடவை சொன்னார். பதினொன்றரை மணிக்குத் தலையைத் திருப்பாமலே கேட்டார், "ஒன் டியூப்பு மெய்யாலுமே இன்னா ஆச்சி?"

அந்த ஆளை அந்தக் கிடையில் வைத்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோவில் மாட்டின கை, இடது கை போட்ட இரண்டு, அக்கா போட்ட ஒன்று, தாளைக் கொண்டுபோய் வைத்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் நீ மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பாய் என்பதையும் சொன்னேன்.

 பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி கொண்டுவந்தேன், வேண்டாம் என்று கையால் தள்ளினார். ஒரு மணிக்குப் பக்கத்துக் கட்டில்காரரோடு பேசினார், என்னோடு பேசவில்லை. இரண்டு மணிக்குத்தான் வாய் திறந்தார்.

"அத்த எனுக்கு வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"தெரியாது. ஒண்ணும் ஆவாமயும் போயிருக்கும்."

"அப்ப கம்னு இருந்திருக்கலாம்ல."

"இருந்திருக்கலாம்."

 அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மூன்று மணிக்குப் பக்கத்தில் அவர் முகம் கோணியது. போன தடவை வந்த அதே இழுப்பு, தொடையிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும். நர்சைக் கூப்பிட எழுந்தேன். என் புடவை முந்தியைப் பிடித்து இழுத்தார்.

"யாரும் வாணாம். நீயே புடி."

முட்டிக்கு மேலே ஒரு கையும், கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒரு கையும் வைத்துப் பிடித்தேன். கால் துள்ளப் பார்க்கும், நிற்கும், மறுபடி துள்ளப் பார்க்கும். நாலைந்து தடவைக்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். துள்ளுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே என் வலது கை அழுத்திவிடுகிறது. நான் அழுத்தச் சொல்லவில்லை. அவரும் அதைத் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த விரல்களை மெதுவாக விட்டார். மணி நாலாக இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.